ஒரு பிளக்கில் ஒரு குடும்பத்தின் உயிர்

லைன் வீடுகளிலும், காலனித் தொகுப்பு வீடுகளிலும், ஆலை விடுதிகளிலும் ஓயாமல் நடந்து வரும் ஒரு கொடுமை, பத்திரிகைகளில் நாலு வரிச் செய்தியாக வந்து மறைந்து விடுகிறது. மின்கசிவால் வீடு தீப்பிடித்தது என்பார்கள். கிரைண்டரில் மாவு ஆட்டிய பெண் மின்சாரம் தாக்கி இறந்தார் என்பார்கள். வாளியில் ராடு போட்டு வெந்நீர் வைத்தவர் பிணமானார் என்பார்கள். நாலாவது வரியில் தீர்ப்பும் எழுதி விடுவார்கள்: காரணம், அஜாக்கிரதை!

யாருடைய அஜாக்கிரதை? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், சமீப வருஷங்களில் நம் நாட்டில் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இவர்களில் வயலில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர்கள் உண்டு. மின்கம்பத்தில் ஏறி வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. தங்கள் வீட்டுச் சமையலறையிலேயே மாண்டவர்களும் உண்டு. இத்தனை பேரும் அஜாக்கிரதைக்காரர்களா? அப்படிச் சொல்கிறவர், பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்டை வைத்துக் கொண்டு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

பண்டம் வந்தது, பிளக் வரவில்லை

1932-ம் வருஷம் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1937-ல் மேட்டூர் மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரத்தில் கோவை வட்டாரத்தின் பஞ்சாலைகள் பல்கிப் பெருகின. கதிர்கள் இரவும் பகலும் சுழன்றன. ஆனால் அந்தக் கதிரை ஓட்டிய தொழிலாளியின் லைன் வீட்டில் வெகுகாலம் வரை மண்ணெண்ணெய் விளக்குத்தான். மின்சாரம் முதலில் இயந்திரத்துக்கு வந்தது. மனிதனுக்கு வருவதற்கு இன்னும் பல வருஷங்கள் பிடித்தன.

வந்தபோதும் எப்படி வந்தது? ஒரு விளக்காக வந்தது. 1988-89-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘குடீர் ஜோதி’ திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒற்றை விளக்குப் புள்ளி. லைன் வீடு கட்டிய சொந்தக்காரர்களும் அந்த அளவிலேயே நின்று கொண்டார்கள். ஒரு விளக்கு, ஒரு விசிறி, கதவோரம் ஒரு சிறிய பிளக். அந்த மூன்றுக்கும் போதுமான மெல்லிய வயர்.

அதற்குப் பிறகு காலம் நின்று விட்டதா? இல்லை. 2006-க்குப் பிறகு தமிழக சர்க்காரே வீட்டுக்கு வீடு கலர் டெலிவிஷன் கொடுத்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அம்மியிலும் கல்லுரலிலும் தேய்ந்த பெண்களின் தோள்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்பவர்கள் நாம் அல்ல. அதன் பின்னே குளிர்பதனப் பெட்டி வந்தது. சிலிண்டர் விலை ஏற ஏற இண்டக்ஷன் அடுப்பு வந்தது. வெந்நீருக்கு ராடு வந்தது. இப்போது ஷிப்டுக்குப் போய் வர வாங்கிய மின்சார ஸ்கூட்டரும் திண்ணையில் நின்று அதே பிளக்கைத் தேடுகிறது.

பண்டங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஆனால் சுவரில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். சுவருக்குள் ஓடும் வயரும் அன்று போட்ட அதே வயர்தான். ஆகவேதான் நாலு துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு பாக்ஸ், அதில் ஒரு மாற்று பிளக் என்று மரத்தில் கிளை கிளைப்பது போல வயர்கள் கிளைக்கின்றன. விபத்து பிறக்கும் இடம் இதுதான்.

வாய்க்கால் கணக்கு

மின்சாரக் கணக்கு என்றால் இஞ்சினியருக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று எண்ண வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த எந்த விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரிந்த கணக்குத்தான்.

ஆற்றில் தண்ணீர் நிற்கும் உயரம் இருக்கிறதே, அதுதான் வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் அளவு, ஆம்பியர். அந்தத் தண்ணீர் செய்து முடிக்கும் வேலையின் வேகம், வாட். பண்டத்தின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எத்தனை என்று அச்சடித்திருப்பார்கள். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். காகிதமும் பென்சிலும் இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக் கொண்டால் போதும்: ஆயிரம் வாட்டுக்கு ஏறத்தாழ நாலரை ஆம்பியர்.

சுவரில் இருக்கும் சிறிய மூன்று துளை பிளக் 6 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. பழைய வீடுகளில் இதையே 5 ஆம்பியர் என்பார்கள். பெரிய துளை பிளக் 16 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. பழைய பேச்சில் 15 ஆம்பியர், அல்லது ‘பவர் பிளக்’. சிறிய பிளக் தாங்கும் உச்ச எல்லை 1,380 வாட். நெடுநேரம் ஓடும் பண்டமானால் 1,000 வாட்டோடு நிறுத்திக் கொள்வதே புத்தி. பெரிய பிளக், அதற்கேற்ற வயரும் உள்ளே இருந்தால், 3,680 வாட் வரை தாங்கும்.

இனி நம் வீட்டுப் பண்டங்களைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தகட்டில் உள்ளதுதான் முடிவு. ஆனாலும் பொதுவாக இப்படி இருக்கும்:

எல்.இ.டி. விளக்கு – 9 வாட்
மின்விசிறி – 75 வாட்
டெலிவிஷன் – 50 முதல் 100 வாட்
குளிர்பதனப் பெட்டி – 100 முதல் 200 வாட்
மேஜை கிரைண்டர் – 150 வாட்
மிக்சி – 500 முதல் 750 வாட்
ரைஸ் குக்கர் – 500 முதல் 700 வாட்
இஸ்திரிப் பெட்டி – 750 முதல் 1,000 வாட்
வெந்நீர் ராடு – 1,000 முதல் 1,500 வாட்
இண்டக்ஷன் அடுப்பு – 1,200 முதல் 2,000 வாட்
தொட்டி வைத்த கெய்சர் – 2,000 வாட்

இந்தப் பட்டியலில் ஒரு உண்மை பளிச்சென்று தெரிகிறது. வெளிச்சமும் காற்றும் படமும் கொடுப்பவை கொஞ்சமாகத் தின்கின்றன. சூடு உண்டாக்குபவைதான் அசுரப் பசி கொண்டவை. விளக்கும் விசிறியும் டெலிவிஷனும் ஒரே பாக்ஸில் இருந்தால் மலை ஒன்றும் புரண்டு விடாது. ராடும் அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே பாக்ஸில் சேர்ந்தால் அபாயம் கதவைத் தட்டுகிறது என்று அர்த்தம்.

காலை ஐந்தரை மணி

ஒரு சாதாரண நாளை எடுத்துக் கொள்வோம். காலை ஷிப்டுக்கு ஆறரை மணிக்கு வேன் வந்து விடும். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஐந்தரை மணிக்கு இண்டக்ஷன் அடுப்பில் சோறு கொதிக்கிறது: 1,600 வாட். வாளியில் ராடு கிடக்கிறது: 1,500 வாட். சட்னிக்கு மிக்சி ஓடுகிறது: 500 வாட். ஆக 3,600 வாட். ஆம்பியரில் சொன்னால் பதினைந்தே முக்கால் அளவு. எல்லாம் ஓடி வருவது 6 ஆம்பியர் பிளக் ஒன்றின் வழியாக!

இரண்டரை மடங்குக்கு மேல் ஓடுகிறது, அதனால் இரண்டரை மடங்கு சூடாகும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மின்சாரம் இரட்டித்தால் வயரில் பிறக்கும் சூடு நாலு மடங்காகும். மும்மடங்கானால் சூடு ஒன்பது மடங்காகும். மேலே சொன்ன கணக்கில் சூடு ஏறத்தாழ ஏழு மடங்கு. சாதாரண பி.வி.சி. வயரின் மேலுறை 70 டிகிரி வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டது. அதைத் தாண்டித் தாண்டி நாள்தோறும் வெந்தால் உறை இளகும், பிறகு மொரமொரவென்று உதிரும். ஒருநாள் உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முத்தமிடும். அன்றைக்குத் தீ.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வயர் முழுவதும் ஒரே மாதிரி சூடாவதில்லை. எங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் சூடேறும். ஆட்டம் காணும் பிளக், திருகு தளர்ந்த சாக்கெட், முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, பிளக்கே இல்லாமல் வயர் நுனியைத் துளையில் செருகித் தீக்குச்சி வைத்து அடைத்த இடம் – இவை எல்லாம் கரையில் நண்டு தோண்டிய வளைகள். உடைப்பு அங்கேதான் எடுக்கும். பழைய வீடுகளில் போட்ட அலுமினிய வயரில் இந்த ஒட்டுகள் இன்னும் சீக்கிரம் தளர்ந்து போகும்.

எம்.சி.பி. காப்பாற்றாதா?

மீட்டர் பக்கத்தில் எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது நேர்ந்தால் அது விழுந்து விடும் என்று பல தோழர்கள் தைரியமாக இருக்கிறார்கள். இந்தத் தைரியம் பாதிதான் சரி.

எம்.சி.பி. என்பது சுவருக்குள் ஓடும் வயருக்குக் காவல்காரன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய வயருக்கு அது காவல்காரன் அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் ஓடும்போது கூட ஒரு மணி நேரம் விழாமல் நிற்கலாம். அதற்கு வகுத்த தரமே அப்படி. நம்முடைய 6 ஆம்பியர் பாக்ஸில் 15 ஆம்பியர் ஓடினால் அது ‘எல்லாம் சௌக்கியம்’ என்று நின்று கொண்டே இருக்கும். இங்கே பாக்ஸ் உருகிக் கொண்டிருக்கும்.

பாக்ஸில் நாலு துளை இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. ஒரு துளைக்கு 6 ஆம்பியர் வீதம் நாலு துளைக்கு 24 ஆம்பியர் என்பது கணக்கல்ல. நாலு துளையும் சேர்ந்து 6 ஆம்பியர்தான். ஒரு மாட்டுக்கு வைத்த தீவனத்தை நாலு தொட்டியில் பிரித்து வைத்தால் நாலு மாட்டுக்கு ஆகுமா?

இன்னும் சில வீடுகளில் பழைய பியூஸ் கட்டைகள் இருக்கின்றன. அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி விடுகிறார்கள். அது குலைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவதற்குச் சமம். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைவிடப் பெரிய எம்.சி.பி. மாட்டுவதும் அதே குற்றம்தான். அது விழுவது தொந்தரவு அல்ல, எச்சரிக்கை.

மூன்றாவது துளை

தீ ஒரு எமன் என்றால், ஷாக் இன்னொரு எமன். இதில் எம்.சி.பி. நமக்கு உதவவே உதவாது. அது விழுவதற்குப் பத்துப் பதினாறு ஆம்பியர் வேண்டும். மனிதன் சாவதற்கோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்.

பிளக்கில் தடித்து நீண்ட மூன்றாவது பின் எதற்கு? அதுதான் எர்த். மற்ற இரண்டு பின்களும் தொடுவதற்கு முன்பே இது உள்ளே போய்த் தொட வேண்டும் என்றுதான் நீளமாகச் செய்திருக்கிறார்கள். கிரைண்டருக்குள் வயர் உரசி இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறினால், அது நம் உடம்பைத் தேடி வராமல் எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவு தள்ளும் பெண்ணுக்கு அந்த ஒரு பின்தான் உயிர்க்கவசம்.

எத்தனை லைன் வீடுகளில் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறது? துளை இருக்கும்; வயர் இருக்காது. பல் இல்லாத வாய்க்குப் பொய்ப்பல் கட்டியது போல! போதாக்குறைக்கு, மூன்று பின் செருக இடமில்லை என்று எர்த் பின்னை உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

எர்த்தோடு கூட இருக்க வேண்டிய இன்னொரு காவல் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, எங்கோ ஒழுகுகிறது என்று கண்டால் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டின் மின்சாரத்தையே அறுத்து விடுகிறது. விலை ஓரிரு ஆயிரம் ரூபாயில் அடங்கும். பணக்காரர் வீடுகளில் இது இருக்கிறது. ஈரத் தரையில் நின்று வேலை செய்பவர்கள் வீட்டில் இல்லை.

இன்று இரவே செய்ய வேண்டியவை

வீட்டுச் சொந்தக்காரர் மனம் இளகும் வரை நாம் உயிரைப் பணயம் வைத்துக் காத்திருக்க முடியாது. இருக்கும் ஒரு பிளக்கைக் கொண்டே அபாயத்தைப் பெருமளவு குறைக்க வழி உண்டு. கடைமடையில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம். மின்சாரத்துக்கும் அதே முறைதான்.

முதலாவது: சூடு உண்டாக்கும் பண்டங்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ராடு முடிந்து பிடுங்கிய பிறகு அடுப்பு. அடுப்பு முடிந்த பிறகு இஸ்திரி. மிக்சி ஓடும் ஐந்து நிமிஷம் அடுப்பை நிறுத்துங்கள்.

இரண்டாவது: சிறிய பிளக்கில்தான் வைத்தாக வேண்டுமென்றால் இண்டக்ஷன் அடுப்பை 800 வாட்டுக்குக் குறைத்து வையுங்கள். சோறு சற்றுத் தாமதமாக வேகும், வீடு வேகாது. ராடு வாங்கும்போது 1,500 வாட்டை விட்டு 1,000 வாட் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது: பெரிய பின் வைத்த பண்டத்தை மாற்று பிளக் போட்டுச் சிறிய துளையில் செருகாதீர்கள். பண்டம் செய்தவனே ‘இது சிறிய பிளக்குக்கு ஆகாது’ என்று எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் அந்தப் பெரிய பின்.

நாலாவது: சூடான பண்டங்களை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாமல் நேரே சுவர்ப் பிளக்கில் போடுங்கள். பாக்ஸ் விளக்கு, விசிறி, டெலிவிஷன், செல்போனுக்கு மட்டும் இருக்கட்டும். பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ் இழுக்கவே கூடாது. அதன் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள். பாய்க்கடியில், துணி மூட்டைக்கடியில் போடாதீர்கள். ஓலைக் கூரையில் ஆணி அடித்துத் தொங்க விடாதீர்கள்.

ஐந்தாவது: ராடு நீரில் மூழ்கிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் நீரில் கை வைக்க வேண்டும். உலோக வாளி வேண்டாம். குழந்தைகள் நடமாடும் இடம் வேண்டாம்.

ஆறாவது: மின்சார ஸ்கூட்டரை இரவில் பிளக்கில் மாட்டிவிட்டு அதே வரிசையில் வேறு சூடான பண்டம் எதையும் போடாதீர்கள். அது மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும். வாசற்படியை மறித்து நிறுத்தவும் கூடாது. தீப்பிடித்தால் ஓடுவதற்கு வழி அது ஒன்றுதான்.

ஏழாவது: அடுப்பை நிறுத்திய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, கருகல் நாற்றம், பழுப்பேறிய சாக்கெட், உள்ளே ‘டர்ர்’ என்ற சத்தம், அடுப்பைப் போட்டதும் விளக்கு மங்குவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளக்கை அன்றே நிறுத்துங்கள்.

தீ என்றால் முதல் வேலை மெயினை நிறுத்துவது. மெயினை நிறுத்தாமல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மணல் இருந்தால் மணலைப் போடுங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள், முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் வயரை விலக்குங்கள், உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

நம் விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் வந்த சகோதரர்கள் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கி, ஒரே பிளக்கில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இவற்றை அவர்கள் பாஷையில் எழுதி ஒட்டுவது தொழிற்சங்கங்களின் கடமை. தீ பாஷை பார்த்துப் பிடிப்பதில்லை.

முறை வைத்தால் மட்டும் போதுமா?

போதாது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ராடு முடிந்து அடுப்பு, அடுப்பு முடிந்து மிக்சி என்று முறை வைத்தால் காலையில் முக்கால் மணி நேரம் கூடுதலாகும். அந்த முக்கால் மணி யாருடையது? வீட்டுப் பெண்ணுடையது. ஐந்தரைக்கு எழுந்தவர் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்த பெண், படுக்கும் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும். வீட்டுக்காரர் ஒரு வயர் இழுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை, உழைக்கும் பெண் தன் தூக்கத்தைக் கொடுத்து அடைக்கிறாள். அது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷம் முழுவதும். தூக்கம் கெட்ட கண்ணோடு அவள் நின்று வேலை செய்வதும் ஓடும் இயந்திரத்தின் முன்னால்தான்.

ஆகவே முறை வைப்பது உயிர் காக்கும் தற்காப்பு. அது தீர்வு அல்ல. தீர்வு என்பது சமையல் மூலையில் எர்த்தோடு கூடிய ஒரு 16 ஆம்பியர் பிளக். அதற்கு என்ன வேண்டும்? மீட்டர்ப் பலகையிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதோடு எர்த் வயர், தனியாக ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி., ஒரு சாக்கெட். ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. இதற்கு மேல் இதில் பரம ரகசியம் ஒன்றும் இல்லை.

சில சொந்தக்காரர்கள் இதிலும் கண்கட்டு வித்தை செய்கிறார்கள். பழைய வயரை அப்படியே வைத்துக் கொண்டு சுவரில் பெரிய சாக்கெட்டை மட்டும் மாட்டி, ‘பவர் பிளக் கொடுத்தாகி விட்டது’ என்கிறார்கள். மதகை அகலப்படுத்தினால் வாய்க்கால் அகலமாகி விடாது. இது முன்னிலும் பெரிய அபாயம். ஏனென்றால் இப்போது 2,000 வாட் பண்டமும் தடையில்லாமல் உள்ளே நுழையும். பின்னால் உள்ள வயர் எத்தனை தடிமன் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணால் பாருங்கள்.

யாரிடம் என்ன கேட்பது?

குடியிருப்பவன் கேட்டால் சொந்தக்காரர் மின்வாரியத்தைக் காட்டுகிறார். வாரியம் சொந்தக்காரரைக் காட்டுகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் பொறுப்பு எங்கே பிரிகிறது என்பது தெளிவானது. மீட்டர் வரையில் மின் பகிர்மானக் கழகம். மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங், கட்டிடத்தின் சொந்தக்காரர்.

எர்த் விஷயத்தில் கழகத்துக்கும் பொறுப்பு உண்டு. மின்சாரம் கொடுக்கும் நிறுவனம், நுகர்வோர் இடத்தில் மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகே எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்று 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின் 33-வது விதி சொல்லிற்று. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டு வந்த பாதுகாப்பு விதிகளிலும் அது தொடர்ந்தது. நாம் கேட்பது தர்மம் அல்ல. அறுபது எழுபது வருஷமாகப் புத்தகத்தில் இருக்கும் விதியைச் சுவரில் காட்டு என்கிறோம்.

மீட்டர் விஷயமும் உண்டு. 2016-ல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று சர்க்கார் அறிவித்தது. பத்துக் குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் பத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சலுகைதான். மிச்ச யூனிட் எல்லாம் மேல்படிக் கட்டணத்தில் ஏறுகிறது. தனி மீட்டர் இருந்தும் தன் இஷ்டப்படி யூனிட்டுக்கு விலை வைத்து வசூலிக்கும் சொந்தக்காரர்கள் ஏழைக்கு வந்த சலுகையைத் தங்கள் மடியில் கட்டிக் கொள்கிறார்கள். பத்து வீட்டுச் சுமையும் ஒரே மெயின் வயரில் ஏறுவதால் அபாயமும் பத்து மடங்கு.

ஆகவே நாம் கோருவது இவை:

வாடகைக்கு விடும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர், எர்த்தோடு கூடிய ஒரு 16 ஆம்பியர் பிளக், குறைந்தது மூன்று 6 ஆம்பியர் பிளக் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சொந்தக்காரர் செலவில் வைக்க வேண்டும். ஆலை விடுதிகளில் நிர்வாகத்தின் செலவில் வைக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளர்களின் தொகுப்பு வீடுகளிலும் குடிசைகளிலும் பழைய ஒற்றை விளக்கு வயரிங்கைச் சர்க்கார் தன் செலவில் மாற்றித் தர வேண்டும். பண்டம் கொடுத்த சர்க்காருக்கு, அதைச் செருக ஒரு நல்ல பிளக் கொடுக்கும் கடமையும் உண்டு.

மின் பகிர்மானக் கழகத்தில் காலியாகக் கிடக்கும் வயர்மேன், ஹெல்ப்பர் வேலைகளை நிரப்ப வேண்டும். சோதனைக்கு வர ஆளே இல்லாத இடத்தில் விதிப்புத்தகம் மட்டும் இருந்து பயன் என்ன?

ஒன்றாய்க் கேட்போம்

ஒரு குடித்தனக்காரர் தனியே போய்ப் பவர் பிளக் கேட்டால் ‘சௌகரியப்படாவிட்டால் காலி செய்’ என்ற பதில்தான் வரும். பத்துக் குடித்தனமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். ஆலையில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் தோழர் ஒருவரைக் கூட்டிக் கொண்டு லைன் முழுவதும் ஒரு சுற்றுப் பாருங்கள். எத்தனை பிளக், எத்தனை பண்டம், மொத்தம் எத்தனை வாட், எத்தனை துளையில் எர்த் இல்லை, எங்கே கருகியிருக்கிறது என்று வீடு வீடாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண்களை முன்னால் நிறுத்தி எழுதுங்கள். எந்தப் பிளக் சுடும், எந்தக் கிரைண்டர் கடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை ஒரு பிரதி சொந்தக்காரருக்கும், ஒரு பிரதி மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அப்படிக் கொடுத்த பிறகு ஏதாவது நடந்தால், நாலாவது வரியில் ‘அஜாக்கிரதை’ என்று எழுத எவருக்கும் கை வராது. அப்படியே எழுதினாலும், அது யாருடைய அஜாக்கிரதை என்பதற்கு நம் கையில் தேதி போட்ட சாட்சி இருக்கும்.

ஆனால் அந்தச் சாட்சிக்கு வேலையே வரக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறோம்: இன்று இரவு முறை வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுங்கள்.